நாலு பேருக்கு ஏன் ஊர் வாசல்?

குடும்பப் படங்களையும் கணக்குகளையும் சொந்த சர்வரில் வைத்துக்கொள்வது நல்லதுதான். வெளியூரிலிருந்தும் பார்க்க ஆசைப்பட்டு, ரவுட்டரில் அதற்கு நேர் வாசல் திறந்து விடுகிறார்களே, அதுதான் விபரீதம்!

2022 ஜனவரியில் நடந்தது என்ன? இப்படித் திறந்து கிடந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளில் ‘டெட்போல்ட்’ என்ற நாசகார புரோகிராம் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. பேரப்பிள்ளையின் படத்துக்குப் பணயத் தொகை! பாஸ்வேர்டு காப்பாற்றவில்லை, மென்பொருளின் ஓட்டை வழியாக அல்லவா நுழைந்தது?

‘வயர்கார்டு’ போன்ற வி.பி.என். காவலை முன்னே நிறுத்தலாம். உரிய சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே பேசாது. வீட்டார் நாலு பேருக்கு அந்த வழி போதும். ரவுட்டரில் தானாக வாசல் திறக்கும் வசதியை மூடியே விற்பது கம்பெனிகளின் கடமை. வாங்கியவர்கள் இன்றே மூடட்டும்.