பறக்க வைக்காமல் படம் எடுங்கள்!

குழந்தைகளே, பறவை பறக்கும்போது எடுத்தால்தான் படம் அழகு என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. கடற்கரையிலும் உப்பளத்திலும் அமைதியாக மேயும் கூட்டத்தைப் பார்த்ததும், ஒருவர் கை தட்டுகிறார். ஒருவர் கல்லை விட்டெறிகிறார். கூட்டம் 'விர்' என்று எழும்புகிறது. 'கிளிக்!' அந்தப் படம் அப்பாவின் செல்போனிலிருந்து ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வேதாரண்யம் அருகே இருக்கும் கோடியக்கரை, 1967-ல் சரணாலயம் ஆனது. குளிர்காலத்தில் அங்கே வரும் விருந்தாளிகளில் ஒன்று கொசு உள்ளான். பெயருக்கேற்ற உருவம்தான்! எடை சுமார் 25 கிராம். கோழி முட்டையில் பாதி. இந்தப் பொடியன் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியப் பகுதியில். அங்கே குளிர் வருமுன் கிளம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம்மிடம் வருகிறது. ஏப்ரல், மே வாக்கில் திரும்பிப் போக வேண்டும். அதற்குப் பெட்ரோல் எது? சேற்றில் கொத்தித் தின்னும் புழு, பூச்சிதான். அதுவே உடம்பில் கொழுப்பாகச் சேர்கிறது. ஒரு முறை விரட்டினால் தின்பதும் நிற்கும். சேர்த்து வைத்ததும் செலவாகும். ஒரே நாளில் பத்துப் பேர் விரட்டினால்? கணக்கை நீங்களே போடுங்கள்.

உப்புக்கொத்தியின் பாடு இன்னும் மோசம். அது கூடு கட்டுவதில்லை. மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம், மேலே கரும்புள்ளிகள். கிட்டே போனால் தாய் எழுந்து ஓடிவிடும். வெயிலில் முட்டை வெந்துபோகும், அல்லது காக்கை கண்டுபிடித்துவிடும். கூட்டைப் படமெடுக்கும் ஆசையை அடியோடு விட்டுவிடுங்கள்.

இரவில் பங்குனி ஆமை பார்க்கப் போகிறவர்களும் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித்தான் கடலைத் தேடுகின்றன. நம் விளக்கைக் கண்டால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

"அப்படியானால் எப்படித்தான் எடுப்பது ஐயா?" என்கிறீர்களா? கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் முகத்துவாரமே போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். பறவை இருக்கும் இடத்துக்கு நடக்காதீர்கள். அது வரும் இடத்தில் முன்னதாகவே உட்காருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கிழக்குக் கடற்கரையில், கடலைப் பார்த்து எடுக்க மாலை நேரம். கரைக்கு உள்ளே உப்பளத்தைப் பார்த்து எடுக்கக் காலை நேரம்.

பெரிய கேமரா இல்லையே என்று கவலை வேண்டாம். செல்போனுக்கு ஏற்ற ஆள் நண்டு! ஈர மணலில் வளை தெரிந்தால், சற்றுத் தள்ளிக் குப்புறப் படுத்து அசையாமல் இருங்கள். பத்து நிமிடம் பொறுத்தால், குச்சி போன்ற இரண்டு கண்கள் மெல்ல மேலே எட்டிப் பார்க்கும்.