முதலில் ஒரு மூலை, பிறகுதான் பாசம்

பூனை வளர்க்க ஆசைப்பட்டு விலங்குக் காப்பகத்துக்குப் போகும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகள் நேராகக் குட்டிகள் இருக்கும் கூண்டுக்கு ஓடுவார்கள். பெரியவர்களும், "சின்னதிலிருந்து வளர்த்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போவார்கள். அதே வரிசையின் கடைசிக் கூண்டில் பத்து வயதைத் தாண்டிய பூனை ஒன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். குட்டிகள் வரும், போகும். அது மட்டும் அங்கேயே இருக்கும்.

கடந்த ஆண்டு எங்கள் புந்தோங் வீட்டுக்கு அப்படி ஒரு கடைசிக் கூண்டுப் பூனை வந்தது. பெயர் பூத்தே. மலாய் மொழியில் வெள்ளை என்று பொருள். வெள்ளையாக இருந்த காலம் போய் இப்போது பழுப்பு ஏறிவிட்டது. வயது 11. பூனைக் கணக்கில் 10 வயதைத் தாண்டினாலே முதுமை என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். 11 வயது என்றால் மனிதருக்கு ஏறக்குறைய 60.

அதன் கதை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில், ஒரு பாட்டியோடு இருந்த பூனை. தோட்டம் கைமாறியது. பாட்டியைப் பிள்ளைகள் தங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பூனை பூட்டிய வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் எஞ்சியிருந்த ஒருவர் மனம் பொறுக்காமல் காப்பகத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனையும் போய்த் தாமான்கள் எழுந்ததையும் பார்த்த தலைமுறை நம்முடையது. வீடு மாறிய மனிதர்களின் கதையை நாம் ஓரளவு பேசியிருக்கிறோம். அவர்கள் விட்டுவந்த மாடு, ஆடு, நாய், பூனைகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மாட்டை விற்கலாம். பூனையை யார் வாங்குவார்கள்?

பூத்தேயை அழைத்து வந்த அன்று வீட்டில் எல்லாருக்கும் அதைத் தூக்கிக் கொஞ்ச ஆசை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா மட்டும் தடுத்தார். "யாரும் தொடாதீங்கப்பா. புதுசா நட்ட நாத்து மாதிரி அது. ரெண்டு நாள் வாடும். வேர் பிடிக்கட்டும், அப்புறம் தானே நிமிரும்." வயதான பூனையை வரவேற்பதற்கு இதைவிட நல்ல அறிவுரையை நான் எங்கும் படித்ததில்லை.

பூனைக்கு வீடு என்பது வாசனையால் வரைந்த ஒரு வரைபடம். கதவு நிலை, நாற்காலிக் கால், படுக்கும் சாக்கு என்று எல்லாவற்றிலும் முகத்தைத் தேய்த்துத் தன் மணத்தைப் பூசி வைத்திருக்கும். வீடு மாறும்போது அந்த வரைபடம் ஒரே நாளில் அழிந்துபோகிறது. குட்டி புதிதாக ஒன்றை விளையாட்டாக வரைந்துகொள்ளும். பத்தாண்டுகள் ஒரே வரைபடத்தோடு வாழ்ந்த பூனைக்கு அது எளிதல்ல. அதனால் அதற்கு முதல் தேவை சிறிய இடம். முழு வீட்டையும் திறந்துவிட்டால் அது சுதந்திரமாக உணராது, மிரண்டுதான் போகும்.

நாங்கள் பின்பக்கச் சிறிய அறையை ஒதுக்கினோம். ஒரு மூலையில் உணவும் தண்ணீரும். எதிர்மூலையில் மணல் தட்டு. சாப்பிடும் இடத்துக்கு அருகே கழிப்பிடம் இருப்பதைப் பூனை விரும்பாது. நடுவில், பக்கவாட்டில் வாசல் வெட்டிய ஓர் அட்டைப்பெட்டி. காப்பகத்தில் அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே வாங்கிவந்து பெட்டிக்குள் விரித்தோம். அந்தப் புது இடத்தில் அதற்குத் தெரிந்த மணம் அது ஒன்றுதான்.

அட்டைப்பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் மூன்றாம் நாளே நன்றாகக் குறைந்திருந்தது. ஒளிய இடம் கிடைத்தால்தான் வெளியே வரத் துணிவு வரும்போலும்.

ஆகவே பூனை கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். அறையில் தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள். கைப்பேசியில் மெதுவாகப் பேசுங்கள். பூனையின் கண்ணை உற்றுப் பார்ப்பது அதற்கு மிரட்டல். பாதி மூடிய கண்ணால் பார்த்து, மெல்ல இமைத்துத் திரும்பிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படி மெல்ல இமைப்பவருக்குப் பூனைகளும் பதிலுக்கு இமைக்கின்றன. அறிமுகமில்லாதவர் செய்தாலும் அவரை நெருங்கி வருகின்றன.

எங்களுக்கு உண்மையான சோதனை உணவில் வந்தது. முதல் நாள் பூத்தே எதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர் மட்டும். "பழைய வீட்டு ஏக்கம், சரியாயிடும்" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அது பாதி உண்மைதான். ஆனால் பூனையின் உடல் பட்டினி தாங்கும் உடல் அல்ல. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். பருமனான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூன்றாம் நாள் காலை கூடையில் வைத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம்.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். ஈறு வீங்கி, ஒரு கடைவாய்ப்பல் உடைந்து இருந்தது. உலர் உணவைக் கடிக்க முடியாத வலி. ஏக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் அதைப் பட்டினி போட்டது பல். பல்லைப் பிடுங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். வயதான பூனைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் சிறுநீரகத்தின் நிலை தெரிய வேண்டும். மூன்று நாள் வலி மருந்து, மசித்த உணவு.

அப்போதுதான் அம்மா காப்பகத்துப் பணியாளரை அழைத்து ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். "அந்தப் பாட்டி இத எப்படிச் சாப்பிடக் கூப்பிடுவாங்க?" கொண்டுவந்து விட்டவரிடம் விசாரித்துப் பதில் வந்தது. அலுமினியத் தட்டைக் கரண்டியால் மூன்று முறை தட்டுவாராம். சாப்பாடு அவித்த கெம்போங் மீன், கொஞ்சம் சோறு. அன்று மாலை அம்மா வாசலில் நின்று தட்டைத் தட்டினார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

வயதான பூனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தத்தெடுக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பெயர், என்ன சாப்பாடு, எந்த மணல், மனிதர்களோடு இருந்ததா, நாய் பழக்கமா, கருத்தடை ஆனதா, என்ன தடுப்பூசி, பூனைகளுக்கான எயிட்ஸ், இரத்தப்புற்று நுண்ணுயிர்ப் பரிசோதனைகள் செய்தார்களா? பெயரை மாற்ற அவசரப்படாதீர்கள். எல்லாம் இழந்து வந்த பூனைக்குப் பழைய பெயராவது மிஞ்சட்டும்.

மீனும் சோறும் அதைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தன. ஆனால் காலமெல்லாம் அதையே போட முடியாது. டாரின் என்ற சத்து பூனையின் உடலில் போதிய அளவு உற்பத்தியாகாது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். எனவே பூனைக்கென்றே தயாரித்த முழு உணவைப் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, பத்து நாளில் மாற்றினோம். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்கு தரும்.

எத்தனை நாளில் பழகும் என்று பலர் கேட்கிறார்கள். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பயம் சற்று அடங்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரம் புரியும். மூன்று மாதத்தில் இது என் வீடு என்ற எண்ணம் வரும். வயதானவை இன்னும் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அதுவரை வெளியே விடாதீர்கள். வழி தெரியாமல் போய்விடும், அல்லது பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதே நல்லது. நம் தாமான் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் பூனைக்காக நிற்பதில்லை.

வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டையும் உடனே நேருக்கு நேர் விடாதீர்கள். கதவுக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். படுக்கைத் துணிகளை மாற்றிப் போடுங்கள். மணம் பழகிய பிறகு முகம் பழகட்டும்.

வயதுக்கேற்ற சில வசதிகளும் தேவை. அமெரிக்காவில் 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தபோது, 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. 2002-இல் வெளிவந்த ஆய்வு அது. பூனை நொண்டிக் காட்டாது. மேசைமீது தாவுவதை நிறுத்தும், மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கும். பிடிவாதம் என்று திட்டாமல், விளிம்பு உயரம் குறைந்த தட்டு வையுங்கள். சன்னலுக்கு ஏற ஒரு முக்காலி போடுங்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகமோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை நல்லது.

வலி என்று பாராசிட்டமோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லலாம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தும் அப்படித்தான். பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வெடிச்சத்தம் கேட்கும்போது, அந்தப் பழைய சிறிய அறையையும் பெட்டியையும் மீண்டும் திறந்து வையுங்கள்.

மனிதர்களுக்கும் இரண்டு எச்சரிக்கை. நம் நாட்டில் ஸ்போரோடிரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய், பூனையின் கீறல், கடி வழியாக மனிதருக்குத் தொற்றுகிறது. மூக்கிலோ காலிலோ ஆறாத புண் உள்ள பூனையைக் கையுறை இல்லாமல் தொடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குணப்படுத்த மருந்து உண்டு, ஆனால் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் மணல் தட்டைச் சுத்தம் செய்வதை மற்றவர்களிடம் விடலாம். டோக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தில் கிடந்து தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். தினமும் தட்டைச் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். பூனையையே வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை.

வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க வீட்டில் ஆள் இல்லாத குடும்பத்துக்குக் குட்டியைவிட வயதான பூனைதான் பொருத்தம். குட்டி திரைச்சீலையில் ஏறும், இரவு இரண்டு மணிக்கு எழுப்பும். பெரியது பெரும்பாலும் தூங்கும். அதன் குணம் முன்பே தெரிந்துவிடும். மருத்துவச் செலவுக்கு மட்டும் மாதாமாதம் கொஞ்சம் வெள்ளி ஒதுக்கி வையுங்கள். அதனோடு கிடைக்கும் ஆண்டுகள் குறைவாக இருக்கலாம். அது தெரிந்தேதான் எடுக்க வேண்டும்.

ஈப்போவில் ஐ.எஸ்.பி.சி.ஏ. எனப்படும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. தெரு விலங்குகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, அதே இடத்தில் விட்டுப் பராமரிக்கும் பணியில் நோவாஸ் ஆர்க் ஈப்போ ஈடுபட்டுள்ளது. பூனை தேடுபவர்கள் இத்தகைய இடங்களில் முதலில் கடைசிக் கூண்டைப் பாருங்கள்.

பெற்றோரைத் தோட்ட வீட்டிலிருந்து அழைத்துவர நினைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மாவின் அரிசி டின்னுக்கும் சாமி படத்துக்கும் லாரியில் இடம் வைப்பதுபோல் பூனைக்கும் ஒரு கூடை வையுங்கள். புதுவீட்டில் விலங்கு வளர்க்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். முடியவே முடியாது என்றால், லாரி வரும் நாளுக்கு மாதங்கள் முன்னரே அதற்கு வேறு வீடு தேடுங்கள். 2015ஆம் ஆண்டின் விலங்குகள் நலச் சட்டப்படி, வளர்க்கும் விலங்கைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கணவரை இழந்து, அண்டை வீட்டாரை இழந்து, இப்போது வாசலையும் இழக்கும் ஒரு பாட்டிக்கு, தன் தட்டுச் சத்தம் தெரிந்த ஓர் உயிர் கூட வருவது எவ்வளவு பெரிய துணை!

பூத்தே இப்போது அம்மாவின் கட்டில் காலடியில் படுக்கிறது. மடியில் ஏறுவதில்லை. ஏற வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. காப்பகத்தின் மூலம் அந்தப் பாட்டியின் குடும்பத்துக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம். பூனை நன்றாக இருக்கிறது, பெயரும் அதேதான், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று.