ரிப்போர்ட் போய்ச் சேருது... அர்த்தம் போய்ச் சேருதா? டிஜிட்டல் ஹெல்த் ரெக்கார்டில் விடுபடும் விஷயம்

உதாரணத்துக்கு ஒருவர். மதுரையில் சிகிச்சை எடுத்தபோது அவருடைய ஃபைலில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று எழுதிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து சென்னையில் வேறு டாக்டரிடம் போகிறார். பழைய ரெக்கார்டு எல்லாம் ஆன்லைனிலேயே வந்துவிட்டது. டாக்டர் அமாக்சிசிலின் என்று டைப் செய்கிறார். கம்ப்யூட்டர் எச்சரிக்குமா?

வெறும் எழுத்தாக மட்டும் பதிவாகியிருந்தால், எச்சரிக்காது. அமாக்சிசிலினும் பெனிசிலின் குடும்பத்து மருந்துதான் என்பது டாக்டருக்குத் தெரியும். சாஃப்ட்வேருக்கு அவை சம்பந்தமே இல்லாத இரண்டு வார்த்தைகள். ஓ.பி. நெரிசலில் டாக்டர் அந்தப் பழைய பக்கத்தைப் புரட்டாமல் விட்டால், அந்த அலர்ஜி ரெக்கார்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்த இடைவெளியை நிரப்பும் விஷயத்துக்குப் பெயர் ஆன்டாலஜி. சிம்பிளா சொன்னா, ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, எது எதோட வகை, எது எதோட பகுதி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு உறவுப் பட்டியல். அகராதி மாதிரிதான். ஆனால் அகராதி மனிதர்கள் படிக்க; இது மெஷினும் படிக்க.

நம்ம ஊர் பேச்சை எடுத்தாலே இதோட தேவை புரியும். 'வாதம்' என்ற ஒரு வார்த்தையைப் பாருங்கள். பக்கவாதம் மூளையின் ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. முடக்குவாதம் மூட்டு நோய். இளம்பிள்ளை வாதம் போலியோ வைரஸால் வருவது. சித்த மருத்துவர் வெறும் 'வாதம்' என்றால் அது நோயே இல்லை, முக்குற்றங்களில் ஒன்று. மஞ்சள் காமாலை இன்னொரு சிக்கல். நாம் அதை நோய் என்கிறோம். அலோபதியில் அது ஓர் அறிகுறி, காரணம் கல்லீரல் அழற்சியாகவும் இருக்கலாம், பித்தக் கல்லாகவும் இருக்கலாம். லேப் ரிப்போர்ட்டில் 'சுகர் 126' என்று மட்டும் இருந்தால்? வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பிறகா என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறிவிடும்.

இந்தியாவில் இதற்கான கட்டமைப்பு இல்லாமல் இல்லை. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. 14 இலக்க ஆபா எண் பலரிடமும் இருக்கிறது. ரெக்கார்டு பரிமாற்றத்துக்கு 'ஃபயர்' என்ற சர்வதேச ஃபார்மட்டும் இருக்கிறது. ஆனால் ஃபார்மட் என்பது கவர் மாதிரி. அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் சரியான இடத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் என்பது வேறு பஞ்சாயத்து. பழைய பேப்பரை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக அந்தக் கவருக்குள் வைத்தாலும் விதிப்படி அது செல்லும். இணைக்கப்பட்ட ரெக்கார்டு கணக்கில் அதுவும் ஒன்று. பழைய காகிதங்களுக்கு அது ஓகே. புதிதாக உருவாகும் ரெக்கார்டுக்கும் அதே வழி என்றால், அது டிஜிட்டல் பீரோ, அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் மொழிக்கும் ஒரு தீர்வு ரெடியாக இருக்கிறது. ஸ்னோமெட் சிடி. அமெரிக்க நோயியல் மருத்துவர்களின் சொல்தொகுதியும் பிரிட்டனின் சொல்தொகுதியும் இணைந்து 2002-ல் உருவானது. 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நீரிழிவுக்கு 73211009. சுகர், சர்க்கரை நோய், நீரிழிவு, டயபடீஸ் என எந்தப் பெயரை வேண்டுமானாலும் அந்த எண்ணோடு கோத்துவிடலாம், எண் மாறாது. அமாக்சிசிலின் எந்தக் குடும்பம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தியா 2014-லேயே இதன் உறுப்பு நாடாகிவிட்டது; புனேவில் உள்ள சி-டாக் மையம் வழியாக இங்கே இலவசமாகவே கிடைக்கிறது. மத்திய அரசின் 2016 மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளும் இதைச் சொல்கின்றன. காசும் தடை இல்லை, அனுமதியும் தடை இல்லை என்னும்போது கேள்வி நேராக நடைமுறையின் மீதுதான் விழுகிறது.

டாக்டர்கள் தரப்பின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. வாசலில் வரிசை நிற்கும்போது லட்சக்கணக்கான குறியீடுகளில் எதைத் தேடுவது? அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டாயமாக்கக் கூடாது. அலர்ஜி, இப்போது சாப்பிடும் மருந்துகள், நீண்டகால நோய்கள், அடிக்கடி எடுக்கும் சில லேப் டெஸ்ட்டுகள். இந்த நான்குக்கு மட்டும் முதலில் கட்டாயமாக்கலாம். மீதியை டாக்டர் தன் இஷ்டப்படி எழுதட்டும். எண்ணை யாரும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை; 'சுகர்' என்று டைப் செய்தால் சரியான பெயரைக் காட்டுவது சாஃப்ட்வேர் கம்பெனியின் வேலை. அந்த வசதி இல்லாத சாஃப்ட்வேருக்கு அங்கீகாரம் கிடையாது என்றால், வசதி தானாக வரும்.

இது நடக்காத காரியமும் இல்லை. 1998-ல் ஈ, எலி, ஈஸ்ட் ஆகியவற்றை ஆராய்ந்த மூன்று தனித்தனிக் குழுக்கள் சேர்ந்து ஜீன் ஆன்டாலஜியைத் தொடங்கின. ஒரே மாதிரி வேலை செய்யும் ஜீனை ஆளுக்கொரு வார்த்தையில் விவரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இன்று உயிரியல் ஆய்வில் அது இல்லாமல் வேலை ஓடாது.

யார் வார்த்தைகளை முடிவு செய்வது என்பதுதான் உண்மையிலேயே சிக்கலான இடம். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்கான தொகுதியை வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் சித்தத்தின் வாதமும் ஆயுர்வேதத்தின் வாதமும் ஒன்றேதானா, எங்கே பிரிகின்றன என்பதை டெல்லியிலோ ஜெனிவாவிலோ உட்கார்ந்து மட்டும் தீர்க்க முடியாது. பாளையங்கோட்டையிலும் தாம்பரத்திலும் சித்தா ஓ.பி. பார்ப்பவர்கள் அந்த மேஜையில் உட்கார வேண்டும். தவறாக ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு ரெக்கார்டும் அந்தத் தவறைச் சுமந்துகொண்டே போகும். பின்னாளில் திருத்த நினைத்தால் பழைய ரெக்கார்டுகளையும் சேர்த்தே திருத்த வேண்டியிருக்கும்.