மூங்கில் தீப்பிடிக்குமா, பிடிக்காதா? - ஹாங்காங் விபத்தும், ‘ஃபயர் ப்ரூஃப்’ விளம்பரங்களும்!

ரீல்ஸைத் திறந்தாலே மூங்கில்தான். மூங்கில் காட்டேஜ், மூங்கில் கஃபே, மூங்கில் ஃபால்ஸ் சீலிங்... ‘இரும்பு மாதிரி பலம், தீயே பிடிக்காது, பூமிக்கும் நல்லது’ன்னு கேப்ஷன் வேற. இன்னொரு பக்கம், 2025 நவம்பரில் ஹாங்காங் அடுக்குமாடிக் குடியிருப்பு எரிஞ்ச வீடியோவையும் பார்த்திருப்பீங்க. ‘மூங்கில் சாரம்தான் காரணம்’னு அதுக்குக் கீழே ஆயிரம் கமென்ட். இந்த ரெண்டுல எதை நம்புறது?

ரெண்டையுமே அப்படியே நம்ப வேண்டாம். ஏன்னு பார்ப்போம்.

ஹாங்காங்கில் நடந்தது என்ன?

தை போ பகுதியில் உள்ள வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் மொத்தம் 8 டவர்கள். ஒவ்வொன்றும் சுமார் 30 மாடி உயரம். பராமரிப்பு வேலைக்காகச் சுற்றிலும் மூங்கில் சாரம் கட்டி, அதன்மேல் வலை போர்த்தியிருந்தார்கள். நவம்பர் 26 அன்று பிடித்த தீ, 7 டவர்களுக்குப் பரவியது. முழுமையாக அணைக்க 40 மணி நேரத்துக்கும் மேலானது. 160-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

பழி முதலில் விழுந்தது மூங்கில் மீது. ஆனால், விசாரணையில் வேறு இரண்டு பொருள்கள் முன்னுக்கு வந்தன. ஒன்று, சாரத்தின் மேல் போர்த்திய வலை. சோதித்த 20 மாதிரிகளில் 7, தீத்தடுப்புத் தரத்தில் தேறவில்லை என அதிகாரிகள் அறிவித்தார்கள். இன்னொன்று, ஜன்னல்களை மூடியிருந்த ஃபோம் அட்டைகள். அவை வேகமாக எரிந்து, கண்ணாடியை உடைத்து, தீயை வீட்டுக்குள் கொண்டுபோயின. தீ அடங்கிய பிறகு வந்த படங்களில், பல இடங்களில் வலை எரிந்துபோய், மூங்கில் கம்புகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

அப்போ மூங்கில் மேல தப்பே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. காய்ந்த மூங்கில் எரியும். எரிகிற துண்டுகள் கீழே விழுந்தால் அடுத்த இடத்துக்குத் தீ தாவும். தொழிலாளர் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 2025 மார்ச்சிலேயே ஹாங்காங் அரசு புதிய பொதுப்பணிக் கட்டட ஒப்பந்தங்களில் குறைந்தது பாதியில் உலோகச் சாரம் வேண்டும் எனச் சொல்லியிருந்தது. ஆனால், மூங்கிலை மட்டும் மாற்றிவிட்டு அதே மட்டமான வலையை இரும்புச் சாரத்தின் மேல் போர்த்தினால், வலை எரியத்தான் செய்யும்.

கம்பு வேற... பலகை வேற!

மூங்கிலின் பலம், நீளவாக்கில் ஓடும் நார்களில் இருக்கிறது. அந்தத் திசையில் இழுத்தால், எடைக்கு எடை பார்க்கும்போது எஃகுக்குச் சவால்விடும். அதே மூங்கிலில் கத்தியை வைத்து ஒரு தட்டு தட்டுங்க... சட்டுனு பிளந்துடும். நார்களுக்குக் குறுக்கே அதற்குப் பலம் குறைவு.

இதைச் சரிசெய்யத்தான் கூட்டுப்பொருள். மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து, காயவைத்து, பசையோடு சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் பலகையாக்குகிறார்கள். நார்கள் குறுக்கும் நெடுக்கும் வருகிற மாதிரி அடுக்கினால், பிளக்கும் பிரச்னை குறையும். பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாவது டெர்மினலுக்குப் போனால் மேலே நிமிர்ந்து பாருங்க. அந்தக் கூரை அலங்காரம் இப்படிப் பதப்படுத்திச் செய்த மூங்கில்தான்.

தீயிலும் வித்தியாசம் உண்டு. தடிமனான மரம் எரியும்போது மேலே ஒரு கரிப்படலம் உருவாகி, உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வை மாதிரி நிற்கும். ஊசியிலை மரக்கட்டைக்கு, நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. கரியாகும் என ஐரோப்பியக் கட்டட விதி கணக்கு வைத்திருக்கிறது. அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. சாரத்துக்குக் கட்டும் மூங்கிலின் சுவரே 1 செ.மீ.தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரியாக இடமே இல்லை. உள்ளே வேறு வெற்றிடம். கணுக்களுக்கு நடுவே சிக்கிய காற்று சூடாகி, மூங்கில் வெடிக்கும் சத்தம் அதனால்தான்.

கெட்டியாக அழுத்திய மூங்கில் பலகையில் வெற்றிடம் இல்லை; தடிமன் இருக்கிறது. அதனால் மரம் போலவே நிதானமாகக் கரியாகும். ஆனால், பசை முக்கியம். சூட்டில் பசை விட்டுக்கொடுத்தால் அடுக்குகள் பிரிந்து, ஒவ்வொன்றும் புது விறகாகிவிடும். தீயே தொடாவிட்டாலும், சூடு ஏற ஏற மூங்கிலின் பலம் இறங்கும்.

‘கிளாஸ் 1’னா என்ன அர்த்தம்?

2023-ல் மகாராஷ்டிராவின் வணி - வரோரா நெடுஞ்சாலையில் 200 மீட்டருக்கு மூங்கில் தடுப்பு அமைத்தார்கள். பெயர் ‘பாஹு பல்லி’. மூங்கிலைக் கிரியோசோட் எண்ணெயில் பதப்படுத்தி, மறுசுழற்சி பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த தடுப்பு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தீச்சோதனையில் ‘கிளாஸ் 1’ வாங்கியது. நல்ல விஷயம்தான்.

ஆனால், இங்கதான் நாம கவனமா இருக்கணும். ‘கிளாஸ் 1’ என்பது பொதுவாக ஒரு பொருளின் மேற்பரப்பில் தீ எவ்வளவு மெதுவாகப் பரவுகிறது என்பதற்கான மதிப்பெண். எரியும் கட்டடத்தில் அந்தப் பொருள் எத்தனை நிமிடம் சுமையைத் தாங்கும் என்பது தனிச் சோதனை. அதன் விடை நிமிடக் கணக்கில் வரும். முதல் சான்றிதழைக் காட்டி, இரண்டாவது கேள்விக்கும் பதில் சொன்னதுபோல விற்பது சுலபம். சாலைத் தடுப்புக்கு முதல் சோதனை போதுமானதாக இருக்கலாம். நீங்க படுத்துத் தூங்குற மாடிக்கு அது போதாது.

வாங்கும்போதும் தங்கும்போதும்...

வீட்டுக்கு மூங்கில் பேனல் வாங்குறீங்களா? ‘ஃபயர் ப்ரூஃப்’ என்ற வார்த்தையை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்க:

* எந்த ஆய்வகத்தில், எந்தத் தரத்தின்படி சோதித்தார்கள்? அறிக்கை இந்தப் பலகைக்கா, வெறும் பூச்சுக்கா?

* தீத்தடுப்பு மருந்து உள்ளே ஏற்றியதா, மேலே தடவியதா? போராக்ஸ் - போரிக் அமிலக் கலவை பூச்சியையும் தடுக்கும், தீயையும் ஓரளவு தடுக்கும். ஆனால், மழை படும் இடத்தில் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும்.

* பலகைக்குப் பின்னால் என்ன வரப்போகிறது? ஃபோமும் வயரும் என்றால், முன்னால் இருக்கும் மூங்கிலின் மதிப்பெண்ணை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

மூங்கில் காட்டேஜில் தங்கப்போனால், செல்ஃபிக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. வெளியேற இரண்டாவது வழி இருக்கா? சமையலறை எவ்வளவு தூரம்?

2017-ல் சட்டத்தைத் திருத்தி, மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கியது மத்திய அரசு. தன் நிலத்தில் வளர்த்ததை வெட்டி விற்க விவசாயிக்கு இருந்த தடை அதனால் விலகியது. சில வருடங்களிலேயே மறுபடி அறுவடை தரும் பயிர் இது. பொய்யான ‘ஃபயர் ப்ரூஃப்’ ஸ்டிக்கரோடு ஒரு ரிசார்ட் எரிந்தால், அந்த விவசாயியின் சந்தையும் சேர்ந்துதான் எரியும். அதனால் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிங்க. இல்லைன்னு சொன்னா, அடுத்த கடைக்குப் போங்க.