ரோட்டோர வயலுக்கு ஒரு மூட்டை கூட

பட்டணத்துல பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியலை, கிராமத்துலன்னா எல்லாரும் எல்லாரையும் பாத்துக்குவாங்கன்னு ஏங்குற நண்பர்களே, சம்பா சமயத்துல ஒருதடவை எங்க பக்கம் வாங்க. ரோட்டை ஒட்டின வயல் கரும்பச்சையா நிக்கும். அதே ஆளோட உள்வயல்ல பச்சை ஒரு படி கம்மி. மண்ணும் ஒண்ணுதான், ரகமும் ஒண்ணுதான். ரோட்டோரமா பஸ் போகுது, அவ்வளவுதான்.

யூரியா எப்போ போடணும்னு பாக்க இலை வண்ண அட்டை இருக்கு. நட்ட 14ஆம் நாள்லேர்ந்து வாரம் ஒருக்கா, காலை 10 மணிக்குள்ள, 10 இலையை அட்டையோட ஒட்டிப் பாக்கணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகத்துக்கு 4. நிறம் அதுக்குக் கீழ இறங்கினா மட்டும் யூரியா. நான் அப்படித்தான் போடுறேன். அதுக்கு ஊர் வச்சிருக்கிற அர்த்தம் வேற. "என்னப்பா, பயிரு வெளுத்துக் கெடக்கு, கையில காசில்லையா?" டீக்கடையில பெரியப்பா முறை உள்ளவர், நாலு பேர் காதுல விழுற மாதிரி கேக்குறார்.

யூரியா அதிகமானா இலைச்சுருட்டுப் புழு வரும், புகையான் வரும், காத்தடிச்சா பயிர் சாயும். இது தெரியாத ஆள் எங்க ஊர்ல இல்லை. தெரிஞ்சேதான் கொட்டுறான். வயலைப் பாத்துத்தான் கைமாத்து கிடைக்கும். பொண்ணு கொடுக்க வர்றவங்களும் வயலைப் பாத்துட்டுத்தான் வாசப்படி ஏறுவாங்க. 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்குள்ள கிடைக்குது. இவ்வளவு மலிவா கௌரவம் வேற எங்க கிடைக்கும்? இருபது வருஷம் இப்படியே போட்டவனுக்கு, யாரும் பாக்காத உள்வயல்ல பச்சை குறைஞ்சாலும் இப்போ தூக்கம் வர்றதில்லை. ஊரோட கண்ணு அவன் கண்ணாவே ஆயிடுச்சு. இதுல நீங்க வேற, பேராசைக்கார விவசாயி விஷத்தைக் கொட்டுறான்னு எழுதுறீங்க. பேராசையாம்!

ஆம்பளைக்காவது பயிரோட நிறத்தோட போச்சு. எங்க ஊர்ல புருஷனை இழந்த ஒரு அம்மா சொந்தமா விவசாயம் பண்ணிச்சு. மும்முனை கரண்ட் ராத்திரியில வந்தா, மோட்டார் போட ராத்திரியிலதானே போகணும்? டார்ச் வெளிச்சம் எந்தப் பக்கம் போச்சு, எப்போ திரும்புச்சுன்னு திண்ணையில கணக்கு வச்சாங்க. ரெண்டு போகம் தாக்குப்பிடிச்சுது. அப்புறம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடுச்சு. பொம்பளையால விவசாயம் ஆகாதுன்னு திண்ணை தீர்ப்பு சொல்லிச்சு. இப்போ யாராவது கேட்டா அந்த அம்மாவும் அதையேதான் சொல்லுது.