ஆழியின் ஆக்கிரமிப்பு

அளவென்னவோ சில சென்டிமீட்டர்தான். ஆனால் சென்னையை அடுத்த எண்ணூரில் மீனவர்களின் வயிற்றில் அடிக்கிறது இந்தக் கறுப்புச் சிப்பி. அவர்கள் வைத்த பெயர் 'காக்கா ஆழி'. கேரளத்தில் 'வரத்தன் கக்கா'. வரத்தன் என்றால் வெளியூர்க்காரன். விஞ்ஞானப் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா.

பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். தள்ளாடாமல் மிதக்கக் கப்பல்கள் ஏற்றிக்கொள்ளும் கடல்நீரில் இதன் நுண்ணிய குஞ்சுகள் துறைமுகம் விட்டுத் துறைமுகம் பயணிக்கின்றன. 1986இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தலைகாட்டியது. கேரளக் காயல்களில் பரவியிருப்பது 2019இல் தெரியவந்தது.

கடலும் ஆறும் கலக்கும் முகத்துவாரங்களில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். இரை குறைந்தால் பாலினமே மாறக்கூடியது. நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து சேற்றின்மேல் கம்பளம்போல் படர்கிறது. சேற்றில் புதையும் இறாலுக்கு இடமில்லை. மட்டிகள் மூடப்பட்டு மடிகின்றன. கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்குத் தட்டுப்படுவது ஓடு மட்டுமே. மட்டி மீன்பிடிப்புக்காக 2014இல் சர்வதேசச் சான்று பெற்ற கேரளத்தின் அஷ்டமுடிக் காயலையும் இது விட்டுவைக்கவில்லை.

எண்ணூர் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இயந்திரம் வைத்து அள்ளலாம். ஆனால் தப்பும் கொஞ்சம் சிப்பிகளே மறுபடி பெருகப் போதும். கப்பல்கள் இந்த நீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்கிறது 2017இல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம். காவல் தேவைப்படுவது ஆற்றில் அல்ல, துறைமுகத்தில். உள்ளே நுழைந்துவிட்டால் வரத்தன் ஊரைவிட்டுப் போவதில்லை.