படிக்கிற மேசைக்கு வந்து சேரும் சத்தங்கள்

படிக்கும் பிள்ளையின் கவனம் இரண்டு வழிகளில் கலைகிறது. காதுக்கும் கண்ணுக்கும் வெளியிலிருந்து வந்து சேர்பவை ஒரு வகை. பிள்ளை தானே கையை நீட்டி எடுப்பவை மற்றொரு வகை. வீடுகளில் ஏச்சு விழுவது பெரும்பாலும் இரண்டாவதற்கே. கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளில் முதல் வகையின் பாரம் அதிகம். அதற்குப் பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் மரைன் டிரைவில் முடிகின்றன. அதற்கு அப்பால் கரையோர ரயில் பாதை. கடற்கரைப் பக்கத் தொடர்மாடி வீட்டில் யன்னலைத் திறந்தால் காற்றோடு ரயிலும் உள்ளே வரும், பூட்டினால் வெக்கை. பழகிவிட்டால் அந்தச் சத்தம் கேட்காது என்று அங்கே குடியிருப்பவர்கள் சொல்வதுண்டு. நியூயோர்க்கின் மன்ஹட்டனில் உயரப் பாலத்தில் ஓடும் ரயில் பாதைக்கு அருகே இருந்த ஆரம்பப் பாடசாலை ஒன்றில் ஆர்லீன் புரொன்சாஃப்ட் என்ற உளவியலாளர் செய்த ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. 1975இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பாதைப் பக்க வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகள் அதே பாடசாலையின் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். மேல் வகுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பின் அளவுக்குப் போயிருந்தது. பின்னர் தண்டவாளத்துக்கு அடியில் றப்பர் பட்டைகள் வைத்தார்கள். வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தினார்கள். 1981இல் மீண்டும் பார்த்தபோது இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. இடையில் எந்தப் பிள்ளைக்கும் மனக்கட்டுப்பாடு கற்பிக்கப்படவில்லை. சத்தம் குறைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ரயிலைவிடக் கூடுதலாகக் குழப்புவது மனிதப் பேச்சு. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு எழுத்து வரிசைகளைக் காட்டி, பின்னணியில் ஜெர்மன் மொழியில் ஒரு வாசிப்பை ஒலிக்கவிட்டார்கள். சொல்லும் பொருளும் விளங்காத அந்தப் பேச்சே வரிசையை நினைவில் வைப்பதைக் கெடுத்தது. மின்விசிறி இரைச்சல் போல ஒரே சீராக வரும் ஒலியால் இந்தப் பாதிப்பு மிகக் குறைவு என்பதைப் பிந்திய சோதனைகள் காட்டின. இரண்டு அறை வீட்டில் சாப்பாடு, தொலைக்காட்சி, விருந்தினர், படிப்பு எல்லாம் ஒரே விறாந்தையில் நடக்கும்போது, “நீ பாட்டுக்குப் படி, நாங்கள் மெதுவாகக் கதைக்கிறோம்” என்பது உதவி ஆகாது. இரசாயனச் சமன்பாட்டையும் வரலாற்று ஆண்டுகளையும் பாடமாக்கும் பிள்ளைக்கு, காதில் விழும் எந்தப் பேச்சும் இடைஞ்சல்தான்.

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகள் ஒரு பக்கம், கோயில்களினதும் தேவாலயங்களினதும் ஒலிபெருக்கிகள் மறுபக்கம். வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கக்கூடாது என்று கூறியது. விசேட சமய நிகழ்வுகளுக்கு விலக்கு உண்டு. அந்தத் தீர்ப்பு தூக்கத்தைக் காத்தது, பாராட்ட வேண்டியதே. ஆனால் ரியூசன் முடிந்து வந்த பிள்ளை மேசையில் உட்காரும் நேரம் மாலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில். அந்த மூன்று மணித்தியாலத்தைத் திருவிழாக் குழுக்கள்தான் மனம் வைத்துக் காக்க வேண்டும். ஒலிபெருக்கியை உள்வீதிக்குள் திருப்புவதால் எந்தத் தெய்வமும் கோபிக்காது.

கைத்தொலைபேசியின் கதை வேறு. 2020 மார்ச்சில் கொவிட் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபின் சூமும் வட்ஸ்அப்பும் வகுப்பறையாயின. ஆசிரியர் அனுப்பும் குறிப்பும் வினாத்தாளும் இன்றும் அதே குழுக்களில் வருகின்றன. ஆகவே “போனைத் தூக்கி எறி” என்ற கட்டளையைப் பிள்ளையால் நிறைவேற்ற முடியாது. ஒரு வேலையை அரைகுறையில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது முன்னதன் மிச்சம் மனதில் தங்கிப் பின்னதைப் பாதிக்கிறது என்று சோஃபி லெரோய் 2009இல் காட்டினார். தொலைபேசி மேசையில் சும்மா கிடந்தாலே சிந்தனைத் திறன் குறைகிறது என்ற 2017ஆம் ஆண்டு டெக்சாஸ் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பின்வந்த சில ஆய்வுகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் வேறு அறையில் இருக்கும் தொலைபேசியை எடுக்க எழுந்து நடக்க வேண்டும் என்பதே ஒரு தடை. அன்றைய குறிப்புகளை ஒரே தடவையில் பார்த்து, தேவையானதைத் தாளில் எழுதிக்கொண்டு, தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடலாம். கவனம் கலையாமல் இருக்கப் பழகுவது பரீட்சைக்கும் தேவை: உயர்தரப் பாடங்கள் பெரும்பாலானவற்றின் இரண்டாம் பகுதி வினாத்தாள் 3 மணித்தியாலம். கடந்தகால வினாத்தாள் ஒன்றை இடையில் எழும்பாமல் முழுதாகச் செய்துபார்க்காத பிள்ளை, அவ்வளவு நேரம் கவனம் நிற்கும் பழக்கத்தை பரீட்சை மண்டபத்தில்தான் முதன்முதலாகத் தேடவேண்டி வரும்.

பரீட்சைக்குச் சில நாள் முன்பிருந்து ரியூசன் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்கிறது. நல்ல ஏற்பாடு. அதோடு பிள்ளை வீட்டுக்குத் திரும்புகிறது. அங்கே அமைதியான மேசை இல்லை. 2023 ஜனவரி, பெப்ரவரியில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது மின்வெட்டு இருந்ததும், மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட வேண்டிவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அப்போது வெளிச்சத்துக்காக எழுந்த குரல், அமைதியான இடத்துக்காக எழுவதில்லை.

யாழ்ப்பாணக் கிராமங்களில் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் நடைதூரத்தில் இருந்தன. கொழும்பில் 1942இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. 1925இல் நிறுவப்பட்ட கொழும்புப் பொது நூலகத்துக்குக் கொட்டாஞ்சேனைப் பிள்ளை பஸ் ஏற வேண்டும். மாலையில் பூட்டிக்கிடக்கும் பாடசாலை வகுப்பறைகளும் கோயில் மண்டபங்களும் இரண்டு பகுதிகளிலும் உண்டு. ஒரு மண்டபம், இருபது மேசை, கண்காணிக்க ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பெண்பிள்ளைகள் பாதுகாப்பாக வீடு திரும்ப ஓர் ஏற்பாடு: இவ்வளவும் இருந்தால் போதும். அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில. மேசையைச் சுவர் பார்த்துப் போடலாம். இரவில் இரண்டு மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்தலாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடும் பழைய வழக்கத்தையும் தொடரலாம், முதல்நாள் பிள்ளை ஒன்பது மணிக்கே படுக்க வீடு இடம்கொடுத்தால்.